எலிசபெத் ராணி மதச் சண்டையைத் தீர்த்தாங்களா, ஆறப்போட்டாங்களா?

#1 வைகைக்கரை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டே இருந்தது, இன்னிக்கு லீவுங்கறதால உக்காந்துட்டேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க.

இங்கிலாந்துல முதலாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1558 நவம்பர் 17. வயசு 25. அதுக்கு முந்தி அந்த ஜனங்க மத விஷயத்துல பட்ட பாட்டை ஒரு தடவை வரிசையா நினைச்சுப் பாருங்க. அப்பா எட்டாம் ஹென்றி 1534-ல போப்போட உறவை அறுத்துட்டு சபைக்கு நானே தலைவன்னு சட்டம் போட்டாரு, ஆனா பூசை என்னவோ லத்தீன்லயேதான் நடந்துச்சு. தம்பி ஆறாம் எட்வர்ட் காலத்துல 1549-ல இங்கிலீஷ்ல ஜெபப் புத்தகம், அது போதாதுன்னு 1552-ல இன்னும் கறாரா இன்னொண்ணு, சுரூபங்களை உடைச்சு சுவத்துல இருந்த படங்க மேல சுண்ணாம்பு அடிச்சாங்க. அப்புறம் அக்கா மேரி வந்து எல்லாத்தையும் பழையபடி திருப்பினாங்க, 1555-ல ஆரம்பிச்சு நாலு வருஷம்கூட முழுசா ஆகல, கிட்டத்தட்ட 280 பேரை உயிரோட எரிச்சாங்க. அந்த இங்கிலீஷ் ஜெபப் புத்தகத்தை எழுதின பேராயர் கிரான்மரையே 1556-ல ஆக்ஸ்போர்டுல எரிச்சாங்க. முப்பது வயசு தாண்டின ஒரு ஆளு தன் ஆயுசுல மூணு தடவை "நேத்து வரைக்கும் நீ கும்பிட்டது தப்பு"ன்னு அரசாங்கமே சொல்லி கேட்டிருப்பான்.

இந்த நிலைமையிலதான் எலிசபெத் வராங்க. 1559-ல பார்லிமென்ட்ல ரெண்டு சட்டம். ஒண்ணு, ராணிதான் சபைக்கு மேலங்கறது, ஆனா அப்பா வச்சிருந்த "உச்சத் தலைவர்"ங்கற பட்டத்தை எடுக்காம "உச்ச ஆளுநர்"னு மாத்திக்கிட்டாங்க, ஏன்னா பொம்பள எப்படி சபைக்குத் தலைன்னு கேக்கறவனும் இருந்தான், கிறிஸ்துதான் தலைன்னு சொல்றவனும் இருந்தான், ரெண்டு பேர் வாயையும் ஒரே வார்த்தையில அடைச்சாச்சு. ரெண்டாவது சட்டம் நாடு முழுக்க ஒரே வழிபாடு. இது பிரபுக்கள் சபையில 21-க்கு 18, வெறும் மூணு ஓட்டுல தப்பிச்சுது.

எனக்கு இதுல எல்லாத்தையும் விட பிடிச்சது ஒரு சின்ன விஷயம். நற்கருணை அப்பத்தை கையில கொடுக்கும்போது பாதிரியார் சொல்ற வாக்கியம். 1549 புத்தகத்துல அது ஏறக்குறைய இப்படி: "உனக்காகக் கொடுக்கப்பட்ட நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சரீரம் உன் உடலையும் ஆத்துமாவையும் நித்திய ஜீவனுக்கென்று காப்பதாக." அப்பம் நிஜமாவே சரீரம்னு நம்பறவனுக்கு இது போதும். 1552-ல அதைத் தூக்கிட்டு "கிறிஸ்து உனக்காக மரித்ததை நினைத்து இதை வாங்கிப் புசி, நன்றியோடு விசுவாசத்தால் அவரை உன் இருதயத்தில் உட்கொள்"னு வச்சாங்க, அதாவது இது ஞாபகார்த்தம், அவ்வளவுதான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்காகத்தான் ஆளுங்க நெருப்புல ஏறினாங்க. 1559 புத்தகம் என்ன பண்ணுச்சுன்னா ரெண்டு வாக்கியத்தையும் எடுத்து ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ஒட்டிடுச்சு. முட்டி போட்டிருக்கறவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கலாம், பக்கத்துல இருக்கறவன் அவனுக்கு வேண்டியதை எடுத்துக்கலாம், ரெண்டு பேரும் ஒரே வரிசையில முட்டி போட்டா போதும்.

பிரார்த்தனையில "ரோம் பிஷப்போட கொடுங்கோன்மையிலிருந்து எங்களைக் காத்தருளும்"னு எட்வர்ட் காலத்துல இருந்த வரியையும் சத்தமில்லாம எடுத்துட்டாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரலன்னா 12 பென்ஸ் அபராதம், கூலிக்காரனுக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேல, ஆனா கழுத்துக்கு ஆபத்து இல்ல.

நான் சொல்ல வர்றது இதுதான். அந்தம்மா பிரச்சினையைத் தீர்க்கல, தீர்க்க முடியாதுன்னு தெரிஞ்சு ஆறப்போட்டாங்க. உடம்பு சர்ச்சுக்கு வந்தா போதும், மனசு எங்க இருக்குன்னு நான் கேக்கலன்னு விட்டாங்க. 44 வருஷம் பட்டத்துல இருந்ததால அது பலிச்சுது. பிரான்ஸ்ல அதே காலத்துல 1562-ல இருந்து வரிசையா உள்நாட்டுப் போர், 1572-ல பாரிஸ்ல கூட்டக்கொலை. அதோட ஒப்பிட்டா இது பெரிய விஷயம்னு நினைக்கிறேன். உங்க கருத்து?

#2 கடலோரக்காத்து

வைகை அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா எனக்கு மனசு ஒப்பல. நான் கத்தோலிக்கக் குடும்பம், அதையும் முன்னாடியே சொல்லிடறேன்.

"மனசை கேக்கல"ன்னு சொல்றீங்க. எட்மண்ட் கேம்பியனை எடுத்துக்கங்க. ஆக்ஸ்போர்டுல பெரிய பேச்சாளர், 1566-ல எலிசபெத் அங்க வந்தப்ப அவங்க முன்னாடியே பேசி பாராட்டு வாங்கினவரு. அதே ஆளு கத்தோலிக்கரா மாறி யேசு சபையில சேர்ந்து 1580-ல இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தாரு, வேஷம் மாத்திட்டு வீடு வீடா பூசை வச்சாரு. 1581 ஜூலைல லைஃபோர்ட்ங்கற ஊர்ல ஒரு வீட்டுல ஒளிஞ்சிருந்தப்ப பிடிச்சாங்க. லண்டன் டவர்ல கை காலைக் கட்டி இழுக்கற கட்டையில போட்டு சித்திரவதை. டிசம்பர் 1-ம் தேதி டைபர்ன்ல தூக்குல போட்டு உடம்பை நாலா வெட்டினாங்க. விசாரணையில அவரு சொன்னது "எங்களைத் தண்டிக்கறதுல உங்க முன்னோர்கள் எல்லாரையும் தண்டிக்கிறீங்க"ன்னு. அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும், ஏன்னா அது உண்மை, அந்த நாட்டுல ஆயிரம் வருஷமா எல்லாரும் நம்பினதைத்தான் அவரு நம்பினாரு.

அபராதத்தைப் பத்தி சொன்னீங்க. 12 பென்ஸோட நின்னுச்சா? 1581 சட்டத்துல மாசம் 20 பவுண்டு. நாலு வாரத்துக்கு 4 ஷில்லிங்கா இருந்தது 400 ஷில்லிங் ஆச்சு, நூறு மடங்கு. நாலு வாரத்தை ஒரு மாசம்னு கணக்கு வச்சதால வருஷத்துக்கு 13 மாசம், 260 பவுண்டு. வசதியான குடும்பமே நிலத்தை வித்துத்தான் கட்ட முடியும். ஆறப்போட்டது உங்களுக்கு, எங்க ஆளுங்களுக்கு அது மெல்ல மெல்ல இறுகின கயிறு.

மேரி காலத்துல செத்தவங்க கணக்கு எல்லார் வாயிலயும் இருக்கு. எலிசபெத் காலத்துல மதத்துக்காக கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 180-க்கு மேல, அதுல பெரும்பாலும் பாதிரியார்கள். அதை யாரும் பேசறதில்ல.

#3 புதுசாவந்தவன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஒரு டவுட். சர்ச்சுக்கு சும்மா போய் உக்காந்துட்டு வந்தா அபராதமே இல்லல்ல? அப்ப ஏன் அவங்க போகல? வீட்டுல தனியா தங்களோட பூசையை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் போய் தலையக் காட்டியிருக்கலாமே.

#4 வைகைக்கரை

தம்பி, நிறைய பேர் அப்படித்தான் பண்ணாங்க. வீட்டுக்காரர் மட்டும் சர்ச்சுக்குப் போயிட்டு வருவாரு, சொத்து அவர் பேர்ல இருக்கறதால, வீட்டம்மா வீட்டுலயே இருந்து பிள்ளைங்களுக்கு பழைய ஜெபத்தை சொல்லிக் கொடுப்பாங்க. முதல் பத்து பன்னெண்டு வருஷம் இதை யாரும் பெருசா நோண்டல.

கடலோரம், நீங்க சொன்ன எதையும் நான் மறுக்கல. ஆனா வருஷத்தைப் பாருங்க, 1581. அந்தம்மா வந்து 23 வருஷம் கழிச்சு. அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு ரெண்டு விஷயம் சொல்றேன், இது பரவலா பேசப்படறதில்லங்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

1563-ல பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டுச்சு. ராணிதான் சபைக்கு மேலன்னு சத்தியம் பண்ண ரெண்டாவது தடவையும் மறுத்தா மரண தண்டனை. மேரி காலத்து பிஷப்புங்க கிட்டத்தட்ட எல்லாருமே 1559-லயே மறுத்து பதவி போய் காவல்ல இருந்தாங்க, அதனால இந்தச் சட்டம் நேரா அவங்க கழுத்துக்குத்தான். ராணி கையெழுத்தும் போட்டாங்க. ஆனா அப்புறம் பேராயர் பார்க்கர் மத்த பிஷப்புங்களுக்கு ஒரு கடிதம் எழுதுறாரு, என்கிட்ட எழுத்துல அனுமதி வாங்காம யார்கிட்டயும் ரெண்டாவது தடவை சத்தியம் கேக்காதீங்கன்னு. அது ராணிக்குத் தெரிஞ்சு, அவங்க சம்மதத்தோட நடந்தது. சட்டம் புத்தகத்துல இருக்கும், கேள்வியை மட்டும் கேக்க மாட்டாங்க. ஒருத்தரும் அதுல சாகல.

அடுத்தது 1571. பார்லிமென்ட்ல ரெண்டு சபையும் சேந்து ஒரு மசோதாவை நிறைவேத்துது, சர்ச்சுக்கு வந்தா மட்டும் பத்தாது, நற்கருணையும் வாங்கணும், வாங்கலன்னா தண்டனைன்னு. பிஷப்புங்களுக்கும் அதுல விருப்பம். எலிசபெத் அதை ரத்து பண்ணிட்டாங்க. இதைக் கொஞ்சம் நிதானமா யோசிங்க. கத்தோலிக்கன் ஒருத்தன் சர்ச்சுல பெஞ்சுல உக்காந்து வேற ஜெபத்தை மனசுக்குள்ள சொல்லிட்டு வந்துடலாம். ஆனா அந்த மேசை முன்னாடி முட்டி போட்டு அந்த அப்பத்தை வாங்கினா அது அவன் மனசாட்சிக்கே துரோகம். கோடு சரியா அந்த இடத்துலதான் இருக்கு, அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன்னு ராணி சொல்லிட்டாங்க. அதுவும் எப்ப? வடக்குல கலகம் நடந்து, போப் பதவி நீக்க ஆணை போட்டு ரெண்டு வருஷம்கூட சரியா ஆகாத நேரத்துல. இதைத்தான் நான் ஆறப்போட்டாங்கன்னு சொன்னேன்.

#5 லைப்ரரிமேசை

போப் ஆணையைப் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், அங்கதான் எல்லாமே திரும்புது, இங்க யாரும் இன்னும் அதை விரிவா எடுக்கல.

1568-ல ஸ்காட்லாந்து மேரி ராணி தப்பிச்சு இங்கிலாந்துக்கு வந்துட்டாங்க. கத்தோலிக்கர், அடுத்த வாரிசு உரிமையும் உண்டு, நாட்டுக்குள்ளயே காவல்ல இருக்காங்க. 1569 நவம்பர்ல வடக்குல ரெண்டு பிரபுக்கள் கலகம் பண்ணி டர்ஹாம் கதீட்ரலுக்குள்ள புகுந்து இங்கிலீஷ் பைபிளையும் ஜெபப் புத்தகத்தையும் கிழிச்சுப் போட்டு லத்தீன்ல பூசை வச்சாங்க. கலகம் சில வாரத்துல அடங்கிடுச்சு, அதுக்கப்புறம் சாதாரண ஜனங்கள்ல நூத்துக்கணக்கான பேரை தூக்குல போட்டாங்க, வைகை சார் அதையும் கணக்குல வச்சுக்கணும்.

1570 பிப்ரவரில அஞ்சாம் பயஸ் போப் ஆணை போடறாரு. எலிசபெத் ராணியே இல்ல, குடிமக்கள் அவங்களுக்குக் கொடுத்த சத்தியம் எதுவும் செல்லாது, அதோட நிக்காம அவங்களுக்குக் கீழ்ப்படியறவங்களும் சபையை விட்டு விலக்கப்பட்டவங்கன்னு. கலகம் அடங்கினதுக்கு அப்புறம் வருது இந்த ஆணை. கலகக்காரனுக்கும் உதவல, வீட்டுல அமைதியா இருந்த கத்தோலிக்கனை இருதலைக் கொள்ளி எறும்பா ஆக்கிடுச்சு. ராணிக்கு விசுவாசமா இருந்தா போப்புக்கு ஆகாது, போப்புக்கு விசுவாசமா இருந்தா ராஜத்துரோகம். ஜான் ஃபெல்டன்ங்கறவரு அந்த ஆணையை லண்டன் பிஷப் வீட்டு வாசக்கதவுல ஆணி அடிச்சு ஒட்டினாரு, அதே வருஷம் ஆகஸ்ட்ல அவரைக் கொன்னாங்க. 1571-லேயே அந்த மாதிரி ஆணையை நாட்டுக்குள்ள கொண்டு வர்றது ராஜத்துரோகம்னு சட்டம் வந்துடுச்சு.

அதனால என்னைப் பொறுத்தவரைக்கும் எலிசபெத் போட்ட ஒப்பந்தத்தை முதல்ல உடைச்சது ரோம்தான்.

#6 கடலோரக்காத்து

மேசை சார், போப் பண்ணது பெரிய தப்பு, அதை நானே ஒத்துக்கறேன், 1580-ல அடுத்த போப் பதிமூணாம் கிரகோரியே இப்போதைக்கு அந்த ஆணை கத்தோலிக்கர்களைக் கட்டுப்படுத்தாதுன்னு விளக்கம் கொடுக்க வேண்டியதாச்சு. ஆனா ரோம்ல ஒருத்தர் கையெழுத்து போட்டதுக்கு யார்க் நகரத்துல ஒரு கசாப்புக் கடைக்காரர் பொண்டாட்டி ஏன் சாகணும்?

மார்கரெட் கிளித்தரோ. யார்க்ல ஷாம்பிள்ஸ்னு கறிக்கடைத் தெரு, இன்னிக்கும் இருக்கு, வீடுங்க ரெண்டு பக்கமும் முன்னால சாஞ்சு நடுவுல வானம் ஒரு கோடு மாதிரி தெரியும். அங்க இருந்தவங்க. புருஷன் அரசாங்க சர்ச்சுக்குப் போறவரு, இவங்களுக்கு அபராதமும் அவரே கட்டினாரு. இவங்க வீட்டுல பாதிரியார்களை ஒளிச்சு வச்சு பூசை நடத்தினாங்க. 1585 சட்டத்துல பாதிரியாருக்கு இடம் கொடுக்கறதே மரண குற்றம். 1586 மார்ச்ல பிடிச்சாங்க. குற்றவாளியா இல்லையான்னு கோர்ட்ல கேட்டப்ப பதில் சொல்ல மாட்டேன்னுட்டாங்க, ஏன்னா விசாரணை நடந்தா தன் பிள்ளைங்களையே சாட்சிக்கு இழுப்பாங்கன்னு. பதில் சொல்லாதவங்களுக்கு அந்தக் காலத்துல ஒரு தண்டனை இருந்துச்சு, கீழ படுக்க வச்சு மேல ஒரு கதவைப் போட்டு அதுக்கு மேல பாரத்தை ஏத்தறது. மார்ச் 25, ஒரு வெள்ளிக்கிழமை. அப்படித்தான் செத்தாங்க. இவங்க எந்தச் சதியில இருந்தாங்க? ஸ்பெயின் ராஜாவுக்கு லெட்டர் எழுதினாங்களா?

பிடிபட்ட பாதிரியார்கள்கிட்ட ஒரு கேள்வி கேப்பாங்க. போப் படை எடுத்து வந்தா நீ யார் பக்கம் நிப்பேன்னு. அது நடக்கவே இல்லாத விஷயம், இன்னும் நினைக்கவே இல்லாத விஷயம், அதைக் கேட்டு பதிலை வச்சு துரோகின்னு முடிவு பண்றது மனசுக்குள்ள பாக்கறது இல்லாம வேற என்ன அண்ணே?

1591 அக்டோபர்ல வார்விக்ஷயர்ல பேட்ஸ்லி கிளின்டன்னு அகழி சூழ்ந்த ஒரு வீடு. விடிகாலைல தேடுறவங்க வந்து கதவை இடிக்கிறாங்க. பழைய கழிவு நீர் சுரங்கத்துல கால் நனையற தண்ணில பாதிரியார்கள் நாலு மணி நேரம் நின்னாங்க, மேல தரையில ஆளுங்க நடக்கற சத்தம் கேக்குது. அன்னிக்குத் தப்பிச்சாங்க. நான் அந்த நாலு மணி நேரத்தைத்தான் நினைச்சுக்குவேன், எலிசபெத் சகிப்புத்தன்மைன்னு யாராவது சொன்னா.

#7 பொருநைக்கரை

எங்க பாட்டி வச்சிருந்த பழைய தமிழ் ஜெபப் புத்தகம் எங்ககிட்ட இன்னும் இருக்கு, நாங்க சிஎஸ்ஐ, திருநெல்வேலிப் பக்கம். வைகை அண்ணன் சொன்ன அந்த ரெண்டு வாக்கியமும் அதுல அப்படியே ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இருக்கு. சின்ன வயசுல ஏன் போதகர் ஐயர் இவ்ளோ நீளமா சொல்றாருன்னு நினைச்சிருக்கேன், அது ரெண்டு சண்டைக்காரங்களை ஒரே வரியில உக்கார வச்சதுன்னு இன்னிக்குத்தான் புரியுது. பாட்டிக்கு அது மனப்பாடம்.

நிற்க. எல்லாரும் கத்தோலிக்கர் பக்கமே பேசறீங்க, இன்னொரு பக்கமும் இருந்துச்சே, பியூரிட்டன்கள். இவங்களுக்கு 1559-ல வந்தது பாதிக் கிணறு தாண்டின மாதிரி. மேரி காலத்துல ஜெனீவா, ஜூரிச்னு ஓடிப் போய் அங்க சபை எப்படி இருக்குன்னு கண்ணால பாத்துட்டு வந்தவங்க. பாதிரியார் ஏன் இன்னும் பூசை உடுப்பு மாதிரி வெள்ளை அங்கி போடணும், ஞானஸ்நானத்துல ஏன் நெத்தியில சிலுவை போடணும்னு கேட்டாங்க. 1566-ல அங்கி போட மாட்டேன்னு சொன்ன லண்டன் போதகர்கள் 37 பேரை வேலையில இருந்து நிறுத்தினாங்க. ராணியோட சொந்த சேப்பல்ல பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் மேசை மேல இருந்துச்சு, பிஷப்புங்க கெஞ்சியும் முழுசா எடுக்கல.

எனக்கு இதுல கிரிண்டல்தான் மனசுல நிக்கறாரு. 1576-ல கான்டர்பரி பேராயரா இருக்காரு. அப்ப ஊர் ஊரா போதகர்கள் கூடி ஒரே வசனத்தை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் விளக்கிப் பழகுவாங்க, ஜனங்களும் வந்து உக்காந்து கேப்பாங்க. ராணிக்கு அது பிடிக்கல, கூட்டம் கூடி பேசினா எங்க போய் முடியும்னு பயம், ஒரு ஜில்லாவுக்கு மூணு நாலு பிரசங்கிமார் போதும்னு சொன்னாங்க, அதை நிறுத்துன்னு கிரிண்டலுக்கு உத்தரவு. அவரு நீளமா ஒரு கடிதம் எழுதி மறுத்தாரு. "பரலோக மகத்துவத்தை மனம் நோகப்பண்றதை விட உங்க பூலோக மகத்துவத்தை நோகப்பண்றதையே தேர்ந்தெடுக்கறேன்"னு. "அம்மா, நீங்களும் சாகப்போற ஒரு உயிர்தான், மறந்துடாதீங்க"ன்னு. ஒரு ராணிக்கு இப்படி எழுத எவ்ளோ தைரியம் வேணும். 1577-ல அவர் அதிகாரத்தைப் பிடுங்கிட்டாங்க, 1583-ல சாகற வரைக்கும் பேர்தான் பேராயர்.

இத்தனைக்கும் கிரிண்டல் சதிகாரர் இல்ல, அவங்களே நியமிச்ச ஆளு. அதனால எலிசபெத் மதத்தை அமைதியா வச்சாங்கங்கறதை விட மதத்தைப் பத்தி யாரும் சத்தமா பேசாம வச்சாங்கன்னு சொன்னா சரியா இருக்கும். 1593-ல அரசாங்க சபையை விட்டுத் தனியா பிரிஞ்ச பாரோ, கிரீன்வுட், பென்றின்னு மூணு பேரை தூக்குல போட்டாங்க, மூணு பேரும் புராட்டஸ்டன்ட்தான்.

#8 லைப்ரரிமேசை

ஒரு சின்னத் திருத்தம், யாரும் இன்னும் சொல்லல ஆனா இந்தப் பேச்சு வந்தா எப்பவும் வரும், அதனால முன்னாடியே போட்டு வைக்கறேன். "மனுஷங்க மனசுக்குள்ள ஜன்னல் வைக்க எனக்கு விருப்பமில்ல"ன்னு எலிசபெத் சொன்னதா எல்லா இடத்துலயும் போடறாங்க. அது ஃபிரான்சிஸ் பேக்கன் ராணியைப் பத்தி எழுதினது, ராணி வாயால சொன்னது இல்ல. அரசாங்கத்துக்கு வேண்டிய ஒருத்தர் ராணியை நியாயப்படுத்தி எழுதினதுங்கறதை நினைவுல வச்சுப் படிக்கணும்.

இன்னொண்ணு, மத நம்பிக்கைக்காக எரிக்கறதை எலிசபெத் அடியோட நிறுத்தலை. 1575-ல டச்சு அனபாப்டிஸ்ட் (குழந்தைக்குக் கொடுக்கற ஞானஸ்நானம் செல்லாதுன்னு சொன்ன பிரிவு) ரெண்டு பேரை லண்டன் ஸ்மித்ஃபீல்டுல எரிச்சாங்க. மேரி காலத்துத் தியாகிகள் வரலாறை எழுதின ஜான் ஃபாக்ஸே வேண்டாம்னு ராணிக்கு எழுதிக் கெஞ்சினாரு, கேக்கல.

#9 பழையபதிவேடு

நான் வழக்கமா படிச்சுட்டு மட்டும் போற ஆளு, இன்னிக்கு எழுதியே ஆகணும்னு தோணுச்சு. ராணி, போப், பேராயர்னே பேசிட்டு இருக்கோம். மோர்பாத்னு ஒரு ஊரைப் பத்தி சொல்றேன்.

டெவன் ஜில்லாவுல எக்ஸ்மூர் மேட்டு நிலத்து ஓரத்துல, முப்பத்திச் சொச்சம் குடும்பம், ஆடு மேய்ச்சுப் பிழைக்கற ஊர். அங்க கிறிஸ்டோபர் டிரைச்சேன்னு ஒரு பாதிரியார் 1520-ல வந்தாரு, 1574-ல சாகற வரைக்கும் அங்கேயேதான். கோயில் கணக்கை அவரே எழுதி வச்சாரு, வருஷா வருஷம் ஜனங்க முன்னாடி வாசிச்சும் காட்டுவாரு. அந்தக் கணக்கு தப்பிப் பிழைச்சுது. மெழுகுக்கு எவ்ளோ, கம்பளி வித்தது எவ்ளோ, யாரோட ஆடு செத்துப் போச்சு, எல்லாம் இருக்கும்.

அந்த மனுஷனுக்கு ஒரு ஆசை. செத்தவங்களுக்கு வைக்கற பூசையில போட கறுப்பு உடுப்பு ஒரு செட் வாங்கணும்னு. ஏழை ஊரு, கொஞ்சம் கொஞ்சமா காசு சேத்து, கிட்டத்தட்ட இருபது வருஷம் சேத்து 1547-ல வாங்கினாரு. அந்த வருஷம்தான் எட்வர்ட் பட்டத்துக்கு வந்தது. கொஞ்ச நாள்ல செத்தவங்களுக்கான பூசையே கூடாதுன்னு உத்தரவு வந்துடுச்சு. 1549-ல புது ஜெபப் புத்தகத்தை எதிர்த்து மேற்குல கலகம் வெடிச்சப்ப இந்தச் சின்ன ஊர் அஞ்சு இளவட்டங்களை செலவுக்குக் காசு கொடுத்து கலகக்காரங்க முகாமுக்கு அனுப்புச்சு, அந்தச் செலவும் கணக்குல இருக்கு. கலகத்தை ரத்தத்துல அடக்கினாங்க. மேரி வந்தப்ப ஜனங்க வீட்டுல ஒளிச்சு வச்சிருந்த கோயில் சாமானை ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து கொடுத்தாங்க. டிரைச்சே அதை அவ்ளோ சந்தோஷமா எழுதியிருக்காரு.

அப்புறம் எலிசபெத். திரும்பவும் பீடத்தை எடுக்கணும், மேசை போடணும், இங்கிலீஷ் புத்தகம் வாங்கணும். எல்லாத்தையும் செஞ்சாரு. ஊரை விட்டுப் போகல, மறுத்து நிக்கல. நாட்டுல இருந்த ஆயிரக்கணக்கான ஊர்ப் பாதிரியார்கள்ல அந்த மாத்தத்துக்கு வேலையை விட்டவங்க சில நூறு பேர்தான், மீதி எல்லாரும் இவர் மாதிரிதான்.

கடலோரம் அண்ணா, கிளித்தரோ மாதிரி சாக எல்லாராலயும் முடியாது. டிரைச்சே மாதிரி இருந்துட்டுப் போறதும் வலிதான். அந்த ஊர்ல எட்வர்ட் காலத்துல பிறந்த குழந்தைக்கு டிரைச்சே சாகும்போது இருபத்தஞ்சு வயசு இருக்கும், அதுக்கு மேரி காலத்துப் பூசை மங்கலா ஞாபகம் இருக்கலாம், அதோட தம்பி தங்கச்சிக்கு அதுவும் இருக்காது. ஆறப்போட்டதுன்னு வைகை சார் சொன்னது இந்த இடத்துல எனக்குப் புரியுது, புரியறப்ப கொஞ்சம் பயமாவும் இருக்கு.

#10 பொருநைக்கரை

பதிவேடு அக்கா, நீங்க இன்னும் நிறைய எழுதணும். இதைப் படிச்சதும் மொழி விஷயம் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

1549-ல மேற்குல கலகம் பண்ணவங்கள்ல கார்ன்வால்காரங்க எங்கள்ல சில பேருக்கு இங்கிலீஷே தெரியாதுன்னு சொன்னாங்க. எலிசபெத் காலத்துல வேல்ஸ்க்கு அந்தத் தப்பைப் பண்ணல. 1563-லயே பைபிளும் ஜெபப் புத்தகமும் வேல்ஸ் மொழில வரணும்னு சட்டம், 1567-ல புதிய ஏற்பாடும் ஜெபப் புத்தகமும் வந்துச்சு, 1588-ல வில்லியம் மோர்கன் முழு பைபிளையும் கொடுத்தாரு. வேல்ஸ் புராட்டஸ்டன்ட் ஆச்சு, அந்த மொழியும் பிழைச்சுது. அயர்லாந்துல? ஐரிஷ் எழுத்துக்கு அச்சு செய்ய ராணியே பணம் கொடுத்தாங்க, 1571-ல ஒரு சின்ன வினாவிடைப் புத்தகம் வந்துச்சு, புதிய ஏற்பாடு வர்றதுக்குள்ள ராணியோட காலமே முடியற நேரம். அது வரைக்கும் ஐரிஷ்காரனுக்கு அந்த மதம் ஆள வந்தவன் மொழியில பேசின மதம். 1584-ல டப்ளின்ல கத்தோலிக்கப் பேராயர் ஓ'ஹர்லியை கால்ல எண்ணெய் ஊத்தின பூட்ஸ் மாட்டி நெருப்புல காட்டி, அப்புறம் தூக்குல போட்டாங்க. இங்கிலாந்துல ஆறினது அங்க ஆறவே இல்ல.

#11 வைகைக்கரை

ரெண்டு நாளா இதையே யோசிச்சுட்டு இருந்தேன். கடலோரம், நான் முதல் பதிவுல "கழுத்துக்கு ஆபத்து இல்ல"ன்னு எழுதினது 1559-க்கு சரி, 1585-க்கு சரியில்ல, அதைத் தெளிவா பிரிச்சு எழுதியிருக்கணும். முதல் பத்து வருஷத்துல இருந்த எலிசபெத்தையும் கடைசி இருபது வருஷத்துல இருந்த எலிசபெத்தையும் ஒரே ஆளா நினைச்சதுதான் என் தப்பு. ஸ்காட்லாந்து மேரி ராணியை 1587-ல வெட்டின பிறகு, 1588-ல ஸ்பெயின் கப்பல் படை வந்த பிறகு, அவங்களைச் சுத்தி இருந்தவங்க பயத்துலதான் ஆட்சி பண்ணாங்க.

ஆனா அந்தக் கடைசிக் காலத்துலயும் பழைய எலிசபெத் ஒரு ஓரத்துல இருந்தாங்கன்னு நான் நம்பறதுக்கு ஒரு காரணம் வில்லியம் பைர்ட். இசை அமைப்பாளர், ராணியோட சேப்பல்ல வேலை, கத்தோலிக்கர்னு ஊருக்கே தெரியும். 1575-ல அவருக்கும் அவர் குரு தாலிஸுக்கும் சேத்து இசைப் புத்தகம் அச்சடிக்கற தனி உரிமையை ராணி கொடுத்தாங்க. அப்புறம் சர்ச்சுக்கு வரலன்னு அவர் மேலயும் அவர் குடும்பத்து மேலயும் வழக்கு மேல வழக்கு வந்துச்சு, ஆனாலும் அவரை யாரும் டவருக்குக் கொண்டு போகல. 1590-கள்ல எஸ்ஸெக்ஸ்ல ஸ்டோண்டன் மாஸிங்கற ஊருக்குப் போயிட்டாரு, பக்கத்துல இங்கேட்ஸ்டோன்ல பீட்டர் குடும்பம்னு கத்தோலிக்கப் பெரிய வீடு.

#12 கடலோரக்காத்து

பைர்ட் பேரை எடுத்தீங்கல்ல, அந்த வருஷங்கள்லதான் லத்தீன் பூசைக்கு மூணு பாட்டுத் தொகுப்பு போட்டாரு, மூணு குரலுக்கு ஒண்ணு, நாலு குரலுக்கு ஒண்ணு, அஞ்சு குரலுக்கு ஒண்ணு. அச்சடிச்சதுல முகப்புப் பக்கமே கிடையாது, அச்சகம் பேர் இல்ல, வருஷம் இல்ல. பெரிய கதீட்ரல்ல பாடறதுக்கு எழுதினது இல்ல அது, கதவைச் சாத்திட்டு ஒரு ரூம்ல நாலு பேர் நின்னு பாடறதுக்கு. நாலு குரல் தொகுப்புல கடைசிப் பாட்டு "உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே", அது முடியறப்ப "எங்களுக்கு அமைதி அளித்தருளும்"ங்கற வார்த்தை வரும், அதை ஒவ்வொரு குரலும் இன்னொண்ணு மேல முட்டி முட்டி ஏறும், சேர்றதுக்கு ரொம்ப நேரம் பிடிக்கும். அண்ணே, நீங்க சொன்ன ரெண்டு வாக்கியம் ஒட்டின கதைக்கு நான் பதிலா வைக்கறது இதைத்தான்.

#13 புதுசாவந்தவன்

நேத்து நைட் ஹெட்போன் போட்டு கேட்டேன், லைட்டை அணைச்சுட்டு. லத்தீன் ஒரு வார்த்தை தெரியாது. கடைசி ஒரு நிமிஷம் நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. பதிவேடு அக்கா, மோர்பாத் கணக்குல அந்த அஞ்சு பேர் பேர் இருந்தா போடுங்க, திரும்பி வந்தாங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்.